கதை தெரியாத கொடை

“அண்ணாச்சி, எங்க ஊர்க் கொடைல வில்லுப்பாட்டு வச்சா முன்னால நாலு கிழவியும் ரெண்டு நாயுந்தான் உக்காந்திருக்கு. அந்தக் காசுக்கு இன்னொரு செட் செண்டை மேளம் பிடிச்சிரலாம்லா?”

கேட்டவன் சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர்க்காரன். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். இந்த வருஷம் அவன் ஊர் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வரி பிரிக்கிற பொறுப்பு இளவட்டங்கள் கைக்கு வந்திருக்கிறது. சங்கரன்கோவில் ரத வீதி டீக்கடை பெஞ்சில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு செலவுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. காசு பிரிக்கிறவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை அது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஊர் வழக்கத்தையெல்லாம் கைவிட்டுவிட்டார்கள் என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதை நான் நம்புகிறதில்லை. ஆடித் தபசு சமயத்தில் இதே வீதியில் வந்து நின்று பார்த்தால் தெரியும். கொடியேறிய நாளிலிருந்து கோமதி அம்மனுக்கு ஆடிச்சுற்று சுற்றுகிற கூட்டத்தில் பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். நூற்றுக்கணக்கில் நேர்ந்துகொண்டு, சுற்றை விரல் விட்டு எண்ணிக்கொண்டே நடக்கிறார்கள். புற்றுமண்ணை நெற்றியில் பூசி, ஒரு உருண்டையைத் தாளில் மடித்து பர்ஸில் வைத்துக்கொள்கிறவன் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவனாக இருப்பான். தபசுக் காட்சியன்று விளைந்த பருத்தியையும் வத்தலையும் தானியத்தையும் சாமியை நோக்கிச் சூறை விடுகிற சம்சாரியின் பக்கத்தில் அவன் மகனும் நிற்கிறான், விதைக்கத் தெரியாவிட்டாலும்.

கொடையும் அப்படித்தான். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறவர்கள் பங்காளிகளோடு சண்டை போட்டாவது வரியை அனுப்பிவிடுகிறார்கள். குலதெய்வம் கோயிலுக்கு மேற்கூரை போடுகிறார்கள், சுதைக்கு வண்ணம் அடிக்கிறார்கள். கிடாவெட்டு குறைந்ததா? 1950-ஆம் வருஷத்துப் பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, 2003 ஆகஸ்டில் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. ஊர் ஊராக முணுமுணுப்பு. 2004 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கிடா பிழைத்தது என்று சொல்ல முடியாது, கிடாவெட்டு பிழைத்தது. வில்லுப்பாட்டுக்கு எந்த அரசாங்கமும் தடை போடவில்லை. அதுதான் போய்க்கொண்டிருக்கிறது.

“அது பாட்டுக் கச்சேரிதான அண்ணாச்சி? போனா என்ன?”

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, குமரிச் சீமையில் வில்லு என்பது கொடைக்கு வைக்கிற கச்சேரி இல்லை. கொடையை நடத்துகிற கடிகாரமே அதுதான். முதல் நாள் ராத்திரி குடியழைப்பு. மறுநாள் உச்சியில் மதியக் கொடை. அன்று நடுச்சாமத்தில் சாமக் கொடை. அடுத்த நாள் மஞ்சள் நீராட்டு. இந்த வேளைகளுக்கு இடையில் வில்லுக்காரர் அந்தக் கோயில் சாமியின் கதையைப் பாடிக்கொண்டே வருகிறார். சாமி எப்படிப் பிறந்தது, எங்கே வளர்ந்தது, யாரால் வெட்டுப்பட்டது, எந்த மரத்தடியில் நிலையம் கொண்டது என்று கதை நகர நகர, கோயிலில் அதற்கேற்ற சடங்கு நடக்கும். பூசாரி மஞ்சணை சாத்துவதும் படையல் விரிப்பதும் பாட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான். சாமி வெட்டுப்படுகிற இடத்தை வில்லு நெருங்கும்போது உடுக்கையின் போக்கு மாறும். அதுவரை திண்ணையில் சும்மா சாய்ந்து கிடந்த, சாமியாடுகிற கோமரத்தாடியின் தோள் ஒரு உலுக்கு உலுக்கும். அப்போது வில்லுக்காரர் கதையை நிறுத்திவிட்டு, சாமியை வரவழைக்கிற வரத்துப் பாடுவார். சாமி இறங்கி ஆடி, குறி சொல்லி, மலையேறிய பிறகுதான் விட்ட இடத்தில் கதையைத் தொடுவார்.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் 1970-களில் குமரிப் பக்கம் வந்து தங்கி, கொடை கொடையாக உட்கார்ந்து வில்லுக் கேட்டு 1988-இல் ஒரு புத்தகம் போட்டார். தெய்வமாகவே பிறந்த சாமிகளின் கதை ஒரு வகை, மனுஷராகப் பிறந்து அநியாயமாகச் செத்து சாமியானவர்களின் கதை இன்னொரு வகை, இந்த இரண்டாவது வகையில் சாவைப் பாடும்போதுதான் அருளாட்டம் உச்சத்துக்குப் போகிறது என்று அவர் எழுதினார். நம் ஆட்கள் இதையே வெட்டுப்பட்ட வாதை என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். கொலை செய்யப்பட்டவனைக் கும்பிடுகிற ஊர் இது. அவனை யார் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு நடுவே உரக்கச் சொல்லித்தான் அவனைச் சமாதானப்படுத்த முடியும். அந்தச் சொல்லுதல்தான் வில்லு.

பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் அழகு. பனையிலோ மூங்கிலிலோ செய்த ஆள் நீள வில், இழுத்துக் கட்டிய தோல் நாண், வில்லில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம். பாடுகிறவர் வீசுகோலால் நாணைத் தட்டினால் மணியெல்லாம் சேர்ந்து குலுங்கும். குடக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயில் அறைந்து, மறு கையில் பிடித்த காசால் அதன் வயிற்றில் தட்டுவார். வாயில் எழும் ‘கும்’முக்கும் வயிற்றில் எழும் ‘டிக்’குக்கும் நடுவில் தாளம் ஓடும். ‘ஆமா’ போடுகிறவர் வெறுமனே ஆமா போடுகிறதில்லை. கதை எங்கே தொய்கிறது என்று அவருக்குத் தெரியும், அங்கே ஒரு கேள்வியைக் கேட்டு முடுக்கிவிடுவார். முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்கும் கதை தெரியும். ஒரு வரியை விழுங்கினால் எழுந்து கேட்பார்கள். நீ சொன்ன நாலு கிழவிகளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை தம்பி, கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுடலை மாடன் கோயில் என்றால் வில்லோடு கணியான் கூத்தும் உண்டு, சில ஊர்களில் கூத்து மட்டும். தாளத்துக்கு இரண்டு மகுடம். உச்ச மகுடம் ஓங்கிப் பேசும், மந்த மகுடம் அடங்கிப் பேசும். ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், மறுபடி காய்ச்சுவார்கள். அண்ணாவி நின்றபடி பாட, பின்பாட்டுக்காரர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அவர் குரலை வாங்கி நீட்டுவார். சேலை கட்டி, சலங்கை பூட்டிய ஆண்கள் இருவர் ஆடுவார்கள். கைலாசத்தில் பார்வதி விளக்குச் சுடரிலிருந்து மாடனைப் பெற்றதும், பிள்ளை மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்றதும், பூலோகத்துக்கு விரட்டப்பட்டதும், மலையாளத்து மந்திரவாதி காளிப்புலையனை அழித்ததும் அதில் வரும். நடுச்சாமத்தில் கைவெட்டு. கணியான் தன் கையைக் கீறித் தன் ரத்தத்தையே மாடனுக்குக் கொடுப்பார். கிடா ரத்தமும் கோழி ரத்தமும் கொடுத்த பிறகும் அந்தச் சில துளி இல்லாமல் படையல் நிறையாது என்பது கணக்கு.

கதை போய்ச் சடங்கு மட்டும் நின்றால் எப்படி இருக்கும்? பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பார். அங்கே பட்டவராயன் சன்னிதியில் நேர்ச்சையாகச் செருப்பைக் காணிக்கை வைப்பார்கள். ஆடி அமாவாசைக்குப் போகிற இளவட்டம் செருப்பையும் பட்டவராயனையும் செல்பி எடுத்துவிட்டு வருகிறான். செருப்பு ஏன் என்று கேட்டால், “அப்பா வச்சாரு, நானும் வைக்கேன்” என்பான். அந்தப் பட்டவராயன் வேறு யாருமில்லை, பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன்தான். அவன் செருப்புத் தைக்கிற குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கண்டு மயங்கினான். அவர்கள் அப்பன் வாலப்பகடை, “எங்களில் ஒருத்தனானால் பெண் தருகிறேன்” என்றதும் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு மாப்பிள்ளை ஆனான். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்கினார்கள். இந்தக் கதை தெரிந்தவனுக்கு அந்தச் செருப்பு இருநூறு புத்தகம் பேசும். தெரியாதவனுக்கு அது செருப்பு. சாதிக்காக அரிவாள் தூக்குகிற ஊரில் இந்தக் கதையை விடிய விடியப் பாடிக்கொண்டிருந்தார்கள், எல்லாச் சாதியும் உட்கார்ந்து கேட்டது, அழுதது. கேட்டுவிட்டு மறுநாள் திருந்தினார்கள் என்று சொல்லவில்லை. கேட்கவாவது செய்தார்கள்.

“அப்ப செல்போனால கெட்டதுன்னு சொல்லுதீங்க.”

இல்லை. எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடுவது சோம்பேறித்தனம். ராத்திரி போனதுதான் முதல் காரணம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு வருஷத்தில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை விட்டுக்கொடுக்கலாம். விதி நல்ல விதி, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் குடியிருந்தால் அருமை தெரியும். ஆனால் ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கி விடியற்காலை முடிகிற கதையைப் பன்னிரண்டு மணிக்குள் எப்படி முடிப்பது? பிறப்பைப் பாடுவதற்குள் போலீஸ் வண்டி வந்துவிடும். அதனால் வில்லுக்காரர் பிறப்பை விட்டுவிட்டு நேரே சாவுக்குத் தாவுகிறார். யாரென்றே தெரியாதவன் சாவுக்கு எவன் அழுவான்?

அடுத்தது லீவு. திருப்பூர் பஸ்ஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறி சனிக்கிழமை விடியலில் இறங்குகிறவனுக்கு ஞாயிறு சாயங்காலம் திரும்ப பஸ். மூன்று நாள் கொடை ஒன்றரை நாளுக்குள் மடிந்துவிட்டது. மடிக்கும்போது கிடாவை மடிக்க முடியாது, பொங்கலை மடிக்க முடியாது. மடிக்கத் தோதானது கதைதான். வில்லுக்கதையை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. கோயில் மணலில் ஆச்சி மடியில் தலை வைத்து, பாதி தூக்கத்தில், கண் விழிக்கும்போதெல்லாம் ஒரு துண்டு கேட்டு, பத்துப் பதினைந்து கொடைகளில் முழுக் கதையும் தானாக மனசுக்குள் சேர்ந்துவிடும். திருப்பூரில் வளர்கிற உன் மகளுக்கு அந்த மணலும் இல்லை, ஆச்சி மடியும் இல்லை.

மூன்றாவது, சொல்லக் கொஞ்சம் கூசுகிற காரணம். பாடுகிறவனுக்கு ஊர் கொடுத்த மரியாதை. பழங்குடிப் பட்டியலில் இருக்கிற கணியான் சமூகத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழை வாங்குவதே பெரும்பாடு. ஊருக்காக ராத்திரி கையைக் கீறியவரை மறுநாள் காலையில் திண்ணையில் உட்காரச் சொல்ல ஊருக்கு மனசு வராது. சேலை கட்டி ஆடியவரைப் பஸ்ஸ்டாண்டில் பார்த்து விசிலடிக்கிற கூட்டம் உண்டு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கதாநாயகனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடுகிற கலைஞர். அவரைத் துரத்தி அவமானப்படுத்துகிற காட்சியை மறக்க முடியாது. அந்த வேஷத்தில் நடித்த தங்கராசு, நெல்லையில் நிஜமாகவே அப்படி ஆடி வாழ்ந்தவர், 2023-இல் காலமானார். அப்படி ஓர் அப்பாவைப் பார்த்து வளர்கிற மகன், போலீஸ் பரீட்சைக்குப் படிக்கிறேன், மகுடம் வேண்டாம் என்றால் அவனைப் பிடித்து உட்காரவைத்து, பண்பாடு அழிகிறது என்று வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது. அவன் போகட்டும். மரியாதை கொடுக்காத ஊர்தான் இதில் பதில் சொல்ல வேண்டும்.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில், பாகியோ நகரத்தைச் சுற்றிய பெங்கெட் மலைகளில் இபலோய் என்ற மக்கள் இருக்கிறார்கள். அந்த நகரமே அவர்கள் மேய்ச்சல் நிலத்தில் எழுந்ததுதான். அவர்களுக்கும் கொடை மாதிரி ஒரு விருந்து உண்டு, கன்யாவ் என்பார்கள். பன்றி வெட்டி, சேகண்டி அடித்து, முன்னோருக்குப் படைத்து, ஊரே சாப்பிடும். அந்த விருந்தில் முதியவர்கள் இருந்த இடத்திலேயே கட்டிப் பாடுகிற பாட்டு, பாதிவ். நகரத்தில் இலோகானோவும் இங்கிலீஷும் பேசி வளர்கிற பேரப்பிள்ளைகளுக்குப் பன்றிக்கறியின் பங்கு தெரியும், பாட்டின் மொழி பிடிபடாது. கிட்டத்தட்ட உன் ஊர்க் கதை.

கேரளத்தில் கண்ணூர், காசர்கோடு பக்கத்துத் தெய்யம் மட்டும் எப்படி நிற்கிறது என்று நீ கேட்கலாம். அங்கே தோற்றம் பாட்டைப் பாடுகிறவன்தான் வேஷம் கட்டித் தெய்வமாகவும் ஆகிறான். அந்த ராத்திரி பெரிய வீட்டுத் தலைவரான தறவாட்டுக் காரணவர் வந்து அவன் முன்னால் கை கட்டி நிற்க வேண்டும். சாதி அங்கேயும் மறுநாள் காலையில் எழுந்துகொள்ளும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் கதையும் சாமியும் ஒரே உடம்பில் இருக்கிறபடியால் ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. நம்மிடம் பாடுகிறவர் வேறு, ஆடுகிறவர் வேறு. கோமரத்தாடி உன் பெரியப்பா. வில்லுக்காரர் காசு கொடுத்துக் கூப்பிட்ட வெளியூர்க்காரர். செலவைக் குறைக்கும்போது பெரியப்பாவையா குறைப்பாய்?

மேடை காப்பாற்றும் என்கிறார்கள். வில்லுக்கு மேடையில் ஒரு தனி வாழ்க்கை கிடைத்தது உண்மை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். திருநெல்வேலி சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் வெளிநாட்டுக்கும் கொண்டுபோனார், 2021-இல் பத்மஸ்ரீ, 2022-இல் மறைவு. பெரிய சாதனை, கும்பிடுகிறேன். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் மாதிரியான விழாக்களில் கணியான் கூத்துக்கும் இடம் கொடுக்கிறார்கள், கலைஞர் கையில் நாலு காசு சேர்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் பார்க்கிலும் பீச்சிலும் இருபது நிமிஷம் ஆடுகிற கூத்தில் மாடன் வரமாட்டான். வரவும் கூடாது.

“அப்ப யூடியூப்ல போட்டு வச்சா?”

போடு. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார், மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை வைத்திருக்கிறார்கள். நாகர்கோவில் அ.கா. பெருமாள் கணியான் கூத்தையும் கதைப்பாடல்களையும் தேடித் தேடி எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் கைக்கு வந்தது பெரிய சாமிகளின் கதை. உன் ஊர் அம்மன் எங்கிருந்து வந்தாள், எந்தக் குளத்தங்கரையில் பிடிமண் எடுத்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அது அந்த நாலு கிழவிகளிடமும் அந்த ஒரு வில்லுக்காரரிடமும் இருக்கிறது. உன் கையிலிருக்கிற போனில் ரெக்கார்டு பொத்தான் இருக்கிறது.

அவன் நோட்டில் ‘வில்லு’ என்று எழுதியதை அடித்திருந்தான். அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினான்.

“சரி, வைக்கோம். ஆனா ராத்திரி போலீஸ் விடாது, எப்ப வைக்க?”

காலையில் ஏழு மணிக்கு வையுங்கள். குடியழைப்பு முடிந்த மறுநாள். மதியக் கொடை உச்சியில்தானே? ஐந்து மணி நேரம் முழுசாகக் கிடைக்கிறது. பிறப்பையும் பாடலாம், சாவையும் பாடலாம், சரியாகப் படையல் நேரத்தில் வரத்துப் பாடலாம். செண்டை மேளத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடு. வில்லுக்காரரிடம் தேதி கேட்கும்போது முழுக் கதையும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அட்வான்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடு. வருகிறவருக்குத் தங்க ஒரு வீடு பார், பந்தலுக்குப் பின்னால் படுக்கவிடாதே.

அவன் தலையைச் சொறிந்தான். “ஏழு மணிக்கு எவன் அண்ணாச்சி எந்திப்பான்? முந்தின நாள் ராத்திரி பூரா குடியழைப்புல ஆட்டம் போட்டுட்டு, பசங்க பத்து மணிக்குத்தான் கண்ணே திறப்பானுவ.”

எட்டரைக்குச் சம்மதித்தான். டீக் காசை அவனே கொடுத்தான், வரிக் கணக்கில் எழுதாமல்.